பன் வராத புதன்கிழமை

குனியேதா சலவைக்கடை - அத்தியாயம் 9

போன வாரம் நாம் பிரிந்தபோது என் மகள் சனாயே கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். நானும் என் மனைவி ஃபுமியேவும் இந்தப் பக்கம், ஆறிப்போன சூப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"புதன்கிழமை நிலாக்கோட்டை மூணு வருது. நானே போய் வாங்கிக்கிறேன்."

நிலாக்கோட்டை என்பது டிவியில் கேசட்டைச் செருகி விளையாடும் விளையாட்டு. இரண்டு பாகங்கள் ஏற்கெனவே எங்கள் வீட்டில் இருக்கின்றன. மூன்றாவது பாகத்துக்காக எங்கள் கிரியு ஊர்ப் பிள்ளைகள் ஒரு வருஷமாகச் சாப்பாட்டுக்கு நடுவில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் விளையாட்டைக் கேட்டு நாங்கள் திகைக்கவில்லை. 'நானே போய்' என்றாளே, அதைக் கேட்டுத்தான் ஃபுமியேவின் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் கீழே விழுந்தன.

சனாயே அக்டோபரிலிருந்து எங்கேயும் போகவில்லை. பள்ளி விளையாட்டு விழாவுக்கு மறுநாள் ஆரம்பித்தது. காலையில் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு ஷூவைப் போடுவாள். இரண்டாவதைக் கையில் எடுக்கும்போது வயிறு வலிக்கும். நெற்றியெல்லாம் வேர்த்துவிடும். போட்ட ஷூவையும் கழற்றிவிட்டு மாடிக்குப் போய்விடுவாள்.

டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். யாராவது அடித்தார்களா, கேலி செய்தார்களா என்று கேட்டோம். யாருமில்லையாம். பத்தடி தள்ளி நின்றே இது சோயா சாஸ் கறை, இது காபிக் கறை என்று சொல்லிவிடுகிற ஆள் நான். என் மகளிடம் என்ன கறை, எங்கே பட்டது என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

தினமும் பள்ளி விட்டதும் டெப்பெய் வருவான். மீன்கடைக்காரர் மகன், சனாயேவின் வகுப்பு. பள்ளிக்கு வராத பிள்ளையின் சாப்பாட்டுப் பன்னை அதே தெருப் பிள்ளை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்கள் பள்ளிகளில் அதுதான் வழக்கம். கடைக் கதவைத் தள்ளுவான். "பன்" என்பான். மேஜையில் சட்டைகளுக்கு நடுவே வைத்துவிட்டுப் போய்விடுவான். ஃபுமியே அவன் முதுகுக்குக் குனிந்து நன்றி சொல்லுவாள்.

அந்தப் பன்னை சனாயே தொடமாட்டாள். மறுநாள் காலை நான் வாட்டித் தின்றுவிடுவேன். என் தொப்பையில் பாதி அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம்.

*

புதன்கிழமை காலை அகாகி மலைக்காற்று கடைக் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கள் வீட்டுக் காற்றும் சரியில்லை.

"பள்ளிக்கூடம் போக வயிறு வலிக்குது. பொம்மைக்கடைக்குப் போக மட்டும் வலிக்காதா?" என்றாள் ஃபுமியே, ஒரு காலரை அழுத்தித் தேய்த்தபடி.

"வலிக்காம இருந்தா நல்லதுதானே."

"ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஊர்த் துணியெல்லாம் நம்மகிட்ட இருக்கு. அடுத்த வாரம் வரைக்கும் பேசமாட்டாங்க."

"விளையாடாதீங்க. போற வழியில யாராவது ஒருத்தர், 'அடடே, உடம்பு சரியாயிடுச்சா'ன்னு கேட்டாப் போதும். அப்படியே திரும்பி வந்துடுவா. நாளையிலேருந்து அந்த ஒரு ஷூவையும் தொடமாட்டா."

அவள் சொன்னது சரி. சரியான விஷயத்துக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. சனாயே இறங்கி வந்தாள். தலை வாரியிருந்தாள். நீல ஸ்வெட்டர். முதுகில் சிவப்புத் தோல்பை, அவளுடைய பள்ளிப் பை. அக்டோபருக்குப் பிறகு நான் அதை அவள் முதுகில் பார்க்கவில்லை.

"பை எதுக்கும்மா?" என்றேன், முடிந்தவரை சாதாரணமாக.

"பை இல்லாம இந்நேரத்துக்குத் தெருவுல போனா எல்லாரும் பார்ப்பாங்க. பை இருந்தா பள்ளிக்கூடம் போறேன்னு நெனைச்சுக்குவாங்க."

ஃபுமியே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் இஸ்திரிப் பெட்டியின் பக்கம் கண்ணைக் காட்டினேன். யாரோ ஒருவருடைய காலர் கருகிக்கொண்டிருந்தது.

சனாயே வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒரு ஷூவைப் போட்டாள். நான் தரையில் இல்லாத ஒரு பட்டனைத் தேட ஆரம்பித்தேன். ஃபுமியே நீராவிக்குப் பின்னால் அசையாமல் நின்றாள்.

சனாயே இரண்டாவது ஷூவை எடுத்தாள். மடியில் வைத்துக்கொண்டாள். காற்று கதவைத் தட்டியது. பிறகு அதையும் காலில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அப்பா, பின்னால வரக் கூடாது."

"எனக்கு வேலை இல்லையா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

கதவு மூடியது. நான் ஃபுமியேவைப் பார்த்தேன்.

"நின்னு என்ன பார்க்கறீங்க? போங்க" என்றாள்.

என் சட்டையின் முதுகில் 'குனியேதா சலவை' என்று சாப்பாட்டுத் தட்டு அளவு எழுத்தில் எழுதியிருக்கும். வண்டியிலும் அப்படியே. துப்பறிய ஏற்ற தொழில் இல்லை. தயாராகித் தொங்கிக்கொண்டிருந்த துணிகளில் என் வயிற்றுக்கு ஒத்துழைக்கிற மாதிரி ஒட்டக நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டு தெரிந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு ஓடினேன்.

*

பொம்மைக்கடை வாசலில் வரிசை மூலை திரும்பி நூடுல்ஸ் கடை வரை வந்திருந்தது. வேலைக்குக் கிளம்பிய மாதிரியே தெரியாத சில பெரியவர்கள் தொப்பியைக் கண்வரை இறக்கி நின்றார்கள். மற்றபடி எல்லாம் தோல்பைகள். கறுப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு. பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு நாற்காலிகள்தான் பாடம் படித்திருக்கும்.

நூடுல்ஸ் கடையின் பெரிய பலகைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். சனாயே வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் நின்ற பையன் திரும்பினான். டெப்பெய்.

அவன் அவளைப் பார்த்தான். பையைப் பார்த்தான். ஷூவைக்கூடப் பார்த்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதோ கேட்கப் போகிறான்.

"குனியேதா," என்றான், "இந்த வரிசை நகரவே மாட்டேங்குது."

"ம்."

"நீ யாரா ஆடப் போற? வாள்காரனா?"

"மந்திரக்காரி."

"அவ ஆரம்பத்துல சும்மா சும்மா செத்துப்போவா."

"பின்னால பலம் வந்துடும்."

நான் கண்ணைத் திறந்தேன்.

"நீ எப்படி வந்த?" என்று கேட்டாள் சனாயே. "நடைக்குழுவுல பிடிக்கலையா?" எங்கள் தெருப் பிள்ளைகள் காலையில் ஒரு குழுவாகச் சேர்ந்துதான் பள்ளிக்கு நடப்பார்கள்.

"வயித்துவலின்னு சொல்லிட்டேன்." டெப்பெய் மூக்கைத் துடைத்தான். "உன்னோடதுதான். கடன் வாங்கிக்கிட்டேன்."

"எந்த இடத்துல வலின்னு சொன்ன?"

"அதுல இடம் வேற இருக்கா?"

"வலது பக்கம் கீழேன்னு சொல்லிடாதே. நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. தொப்புளைச் சுத்தின்னு சொல்லணும்."

இதை அவள் எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியும். டாக்டர் ஒவ்வோர் இடமாக அழுத்தி அழுத்திக் கேட்டபோது பக்கத்தில் நின்றது நான்தான். அவளுக்கு அப்போது நிஜமாகவே வலித்தது. அந்த வலியை இப்போது இவன் குளிருக்குச் சால்வை கேட்கிற மாதிரி கேட்டு வாங்கிப் போர்த்திக்கொண்டிருக்கிறான். எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை.

முன்னால் நின்ற கண்ணாடிக்காரப் பையனும் திரும்பினான். அவனுக்கு முன்னால் இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"வராம இருந்தா என்ன ஆகும்? உனக்குத்தான் தெரியும், சொல்லு" என்று சனாயேவைக் கேட்டான் கண்ணாடி.

"முதல் பீரியட்ல ஒண்ணும் ஆகாது. ரெண்டாவது பீரியட் முடிஞ்சதும் டீச்சர் வீட்டுக்கு போன் பண்ணுவாங்க."

"எங்க வீட்ல பகல்ல யாரும் இல்லை" என்று நிம்மதியாகச் சொன்னான் கண்ணாடி.

"அப்போ பள்ளிக்கூடம் விட்டதும் பன் வரும்."

டெப்பெய்யின் முகம் அவர்கள் கடையில் பனிக்கட்டி மேல் கிடக்கிற மீனைப் போல ஆகிவிட்டது.

"பன்" என்றான்.

என்னென்னவோ திட்டம் போட்டிருக்கிறார்கள். எப்போது கிளம்புவது, எந்தச் சந்தில் நுழைவது, கேட்டால் என்ன சொல்வது. பன்னை ஒருத்தரும் நினைக்கவில்லை. தினமும் அடுத்த வீட்டுக்குப் பன் சுமந்த பிள்ளைக்குக்கூடத் தன் வீட்டுக்கும் ஒரு பன் வரும் என்று தோன்றவில்லை.

"நம்ம தெருவுக்கு நான்தானே கொண்டுபோவேன். நானே வரலைன்னா?"

"நம்ம வகுப்புல கசுமி இருக்காளே, அவ கொண்டுவருவா."

"கசுமி இன்னைக்குப் போயிருக்காளா?"

"கசுமியா? அவளுக்கு விளையாட்டே பிடிக்காது."

"அவ ஒருத்தியே எல்லார் வீட்டுக்குமா? மூட்டை கட்டணுமே."

"கட்டுவா" என்றாள் சனாயே. "ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, குனிஞ்சு வணக்கம் சொல்லி, 'சீக்கிரம் குணமாகணும்னு வகுப்பு சார்பா வேண்டிக்கறோம்'னு உங்கம்மா கையில குடுப்பா."

கண்ணாடி அடக்க முடியாமல் சிரித்தான். டெப்பெய் தலையில் கை வைத்துக்கொண்டே சிரித்தான். சனாயேவும் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு மூக்கு வழியாகத்தான் வரும். அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன். பலகைக்குப் பின்னால் ஒரு பெரிய மனுஷன் யாருடைய கோட்டு நுனியாலோ கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வரிசை நாலடி நகர்ந்தது. அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"நீ மட்டும் ஏன் அப்படிச் சொன்னதே இல்லை?"

"எப்படி?"

"சீக்கிரம் குணமாகணும்னு. வெறும் 'பன்'னு சொல்லிட்டுப் போயிடுவ. மாடியில கேக்கும்."

டெப்பெய் யோசித்தான். "சொன்னா நீ அவசரப்படணும்ல."

*

பத்து மணிக்குக் கடை திறந்தது. உள்ளே போன பிள்ளைகள் காகிதப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். சனாயேவும் வந்தாள். டெப்பெய் அவளுக்காகக் காத்திருந்தான். வந்த வழியே அவள் திரும்பி நடந்தால் போதும். நான் சந்து வழியாக முந்திக்கொண்டு ஓடி, ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்தபடி அவளை வரவேற்கலாம்.

அப்போது விசில் சத்தம் கேட்டது.

தெருவின் இந்த முனையில் கையில் பட்டை கட்டிய நெஸு ஐயா. அந்த முனையில் ஐந்தாம் வகுப்பு ஹிரோசே டீச்சர். நெஸு ஐயா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். பகலில் தெருவில் திரிகிற பிள்ளைகளைப் பிடித்துப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது இப்போது அவருடைய தொண்டு. பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி, கூட்ஸ் வண்டிப் பெட்டிகளைப் பார்வையிடுவது போல ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எந்த வகுப்பு? எந்தப் பிரிவு? பேர் என்ன?"

டெப்பெய் சொன்னான். கண்ணாடி அழுதுகொண்டே சொன்னான். சனாயேவின் முறை வந்தது.

"நீ?"

அவள் வாயைத் திறக்கவில்லை. நெற்றி வேர்ப்பது இங்கிருந்தே தெரிந்தது. அந்தக் குளிரில். கை வயிற்றுக்குப் போனது.

"எந்த வகுப்புன்னு கேட்டேன்."

நான் ஒரு காலை வெளியே வைத்தேன். ஐயா, இவ மத்த பிள்ளைங்க மாதிரி இல்லை, உடம்பு சரியில்லாத பொண்ணு, நான் கூட்டிட்டுப் போறேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டி விட்டுவிடுவார். சுவரோரம் நிற்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் வரிசையை விட்டு வெளியே வருவாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு. மாடிக்கு.

காலை அப்படியே நிறுத்தினேன். நிறுத்தியதற்கு முழுப் பெருமையையும் நான் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நேரத்தில்தான் கவனித்தேன்: நெஸு ஐயா வெறும் ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் ஒட்டக நிறத்தில் ஒரு கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு வருவார்.

என்னைத் தடுத்தது பாதி யோசனை, பாதி கோட்டு.

"அஞ்சாம் வகுப்பு" என்றது ஒரு சின்னக் குரல். "ரெண்டாம் பிரிவு. குனியேதா சனாயே."

ஹிரோசே டீச்சர் சட்டென்று திரும்பினார். அவரும் வாரம் தவறாமல் எங்கள் வீட்டு மாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிப் பார்த்தவர். அவர் முகத்தில் என்னென்னவோ வந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்து காரியத்தைக் கெடுத்திருப்பேன்.

டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"குனியேதா, உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். பள்ளிக்கூட நேரத்துல விளையாட்டுச் சாமான் வாங்க வர்றதா? வெட்கமா இல்லை? டெப்பெய்க்குப் பின்னால போய் நில்லு."

"மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்றாள் சனாயே.

போய் நின்றாள்.

வரிசை பள்ளியைப் பார்த்துக் கிளம்பியது. ஒரே மாதிரி தொங்கிய தலைகள். சனாயே நடுவில் எங்கேயோ இருந்தாள். தெருக்கோடிப் பாலத்துக்குப் போவதற்குள் எது அவள் பை என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை.

கடைசியாக நடந்த நெஸு ஐயா பலகைக்கு எதிரே நின்றார்.

"தோகுஜி" என்றார். அது என் பெயர்.

"ஐயா."

"கோட்டு வியாழக்கிழமைதான் கிடைக்கும்னு சொன்ன."

"முடிஞ்சிடுச்சு ஐயா. காத்துல மடிப்பு நிக்குதான்னு பார்க்கிறேன்."

"நிக்குதா?"

"நல்லா நிக்குது."

அவர் பாலத்துப் பக்கம் பார்த்தார், பிறகு என்னை. "ரெண்டாம் பிரிவுன்னு சொல்ல அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாளே. அது உன் பொண்ணா?"

"ஆமா."

"நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லை ஐயா. நீங்க பண்ணினதைப் பண்ண எங்க வீட்ல யாருக்கும் தைரியம் வரல."

நான் கோட்டைக் கழற்றப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "போட்டுட்டே போ. உனக்கு உதறுது. சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்."



*

"பிடிச்சுட்டாங்களா?" என்றாள் ஃபுமியே. "பிடிக்கும்போது நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பலகைக்குப் பின்னால நின்னுட்டிருந்தேன்."

"நல்லா நின்னீங்க." நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்தாள். "இந்நேரம் வாசல்லயே விழுந்திருப்பா. வந்து கூட்டிட்டுப் போங்கன்னு போன் வரும் பாருங்க."

நான் வண்டிச் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் போனையே பார்த்தோம். நடுவில் ஒரு அம்மாள் கிமோனோ கொண்டுவந்தார். அவர் சொன்னது எதுவும் எங்கள் காதில் விழவில்லை. அந்தக் கிமோனோ என்ன ஆயிற்று என்பது தனிக்கதை.

பள்ளியின் சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. ஃபுமியே என்னைப் பார்த்தாள். நான் சாவியைப் பார்த்தேன். அவள் எடுத்தாள். டீச்சரின் குரல் எனக்கே கேட்டது. அப்படிக் கடுமை.

"சனாயேவோட அம்மாவா? உங்க பொண்ணு இன்னைக்கு முதல் ரெண்டு பீரியடை விட்டுட்டு விளையாட்டுக் கேசட் வாங்கப் போயிருக்கா. ரொம்ப வருத்தமான விஷயம். மத்த பெற்றோர்கிட்டயும் இதையேதான் சொல்லிட்டிருக்கேன். வீட்ல நல்லாக் கண்டிச்சு வைங்க."

ஃபுமியே போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மூணாவது பீரியட்லேருந்து வகுப்புல இருக்கா" என்றது போன். கடுமை கொஞ்சம் தடுமாறியது. "இப்போ சாப்பிட்டுட்டிருக்கா."

அவ்வளவுதான். ஃபுமியே போனுக்குக் குனிந்து வணங்க ஆரம்பித்தாள்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். எங்க வளர்ப்பு சரியில்லை. ரொம்ப மன்னிச்சுக்குங்க. கண்டிக்கிறோம். கண்டிப்பா கண்டிக்கிறோம். இப்படி ஒரு பொண்ணு... மன்னிச்சுக்குங்க."

ஒவ்வொரு மன்னிப்புக்கும் ஒரு தரம் குனிந்தாள். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டி, தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையில் விழுந்தது. போன் வைக்கப்பட்ட பிறகும் இரண்டு தரம் குனிந்தாள்.

"என்னங்க," என்றாள், "நம்ம பொண்ணு மேல புகார் வந்திருக்கு."

பள்ளி விடும் நேரம் ஆனது. பன் வருகிற நேரம். பழக்கத்தில் ஃபுமியே மேஜையில் சட்டைகளை நகர்த்தி இடம் பண்ணினாள். பிறகு என்ன செய்தோம் என்று உணர்ந்து கையை எடுத்துக்கொண்டாள். கதவு திறக்கவில்லை. காற்று மட்டும் தட்டிவிட்டுப் போனது. மேஜையில் ஒரு பன் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. அதை நாங்கள் இரண்டு பேரும் கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றோம்.

*

வழக்கமான நேரம் தாண்டி சனாயேவும் டெப்பெய்யும் சேர்ந்து வந்தார்கள். டெப்பெய் கதவைத் தள்ளி, வழக்கம்போல வாயைத் திறந்தான். மூடினான்.

"இன்னைக்கு இல்லை" என்றான். "அவளே தின்னுட்டா."

"கேசட் எங்கே?" என்றேன்.

"டீச்சர் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. எல்லாரோடதும்." சனாயே ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "சனிக்கிழமை வகுப்பு முடிஞ்சு தருவாங்களாம். ஒரு நாள்கூட விடாம வந்தவங்களுக்கு மட்டும்."

அந்த டீச்சருக்கு வாழ்நாள் முழுக்க இலவசமாகச் சலவை செய்வது என்று நான் மனதுக்குள் முடிவு செய்தேன்.

டெப்பெய் கிளம்பினான். வாசலில் நின்று, ஷூ நுனியால் தரையைச் சுரண்டினான்.

"நடைக்குழு காலைல தபால்பெட்டி முன்னாடிலேருந்துதான் கிளம்புது. முன்னாடி மாதிரியேதான். சும்மா சொன்னேன்."

அவன் போய்விட்டான்.

"நாளைக்கு..." என்று ஃபுமியே ஆரம்பித்தாள்.

"நாளைக்குப் போறேன்னு நான் சொல்லவே இல்லை."

"இல்லை, இல்லை. நாளைக்கு முட்டை பொரிக்கட்டுமான்னு கேட்க வந்தேன்."

சனாயே மாடிப்படியில் பாதி ஏறினாள். நின்றாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"அந்தக் கோட்டுல மஞ்சள் சீட்டு இருக்கு. நம்ம கடைச் சீட்டு. காத்துல படபடன்னு ஆடிட்டே இருந்துது. டெப்பெய்கூடப் பார்த்தான்."

நான் கோட்டின் முதுகைத் தடவினேன். காலருக்குக் கீழே குத்தியிருந்த சீட்டு கையில் அகப்பட்டது. எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

"சத்தியம் பண்ணீங்க" என்றாள்.

"பண்ணினேன்."

"ஆனா வெளிய வரலை."

"வரலை."

"ம்" என்றாள். அதில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. மாடிக்குப் போனாள். கதவு சாத்துகிற சத்தத்துக்காக நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை.

ஃபுமியே வாசலைப் பெருக்கப் போனாள். வெளியே போகிற பக்கம் பார்த்துச் செருப்புகளைத் திருப்பி வைப்பது எங்கள் வீடுகளில் பழக்கம். அக்டோபரிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் சனாயேவின் ஷூக்களைத் தெருவைப் பார்த்து அவள்தான் திருப்பி வைத்து வந்தாள். இன்றைக்கும் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"இங்கே வாங்க."

போய்ப் பார்த்தேன். சனாயே தானே ஒரு ஷூவைத் திருப்பி வைத்திருந்தாள். நுனி தெருவைப் பார்த்து இருந்தது. இன்னொன்று கழற்றின இடத்திலேயே, வீட்டைப் பார்த்து.

ஃபுமியேவின் கை அந்த இரண்டாவது ஷூவுக்கு நீண்டது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"விடு" என்றேன். "காலைல அவ பார்த்துக்கட்டும்."